மலையகத்து ஈரத்திலும் உழைக்கும் பேசும் பொம்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாயக்குரல் கலைஞர் மடியில் இருத்திப் பேசவைக்கும் பொம்மையைத் தாமே செய்துகொள்ள விரும்பும் ஆசிரியர்களும் தோட்ட நாடகக் குழுக்களின் இளைஞர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இத்துறையின் கைநூல்களில் பெரும்பாலானவை சூடேற்றிய, உலர்ந்த அறைகளில் வேலைசெய்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை எழுத்துக்கு எழுத்து பின்பற்றிச் செய்த பொம்மை மஸ்கெலியாவின் ஆடி மாத மழையைத் தாங்காது. ஆகவே முறைகளை நமது காலநிலைக்கு ஏற்பவும், அட்டனிலோ பதுளையிலோ உள்ள ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பொருள்களுக்கு ஏற்பவும் மாற்றிச் சொல்கிறேன்.

இங்கே செய்யும் பொம்மைகள் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகின்றன?

காற்றில் உள்ள ஈரமே முதற்காரணம். பசையிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கிறது, இரும்புக் கம்பி துருவேறி நூலை அறுக்கிறது, மரம் உப்பி வாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த காரணம் பூச்சி: மாப்பசையைக் கரப்பானும், மென்மரத்தைத் துளைக்கும் வண்டும் தேடி வரும். மூன்றாவது காரணம் செய்பவரின் கையிலேயே இருக்கிறது. தலையை முழுதாக ஒட்டி மூடிவிட்டால் உள்ளே அறுந்த ஒரு நூலை மாற்றுவதற்குக்கூட மண்டையை அறுக்க வேண்டிவரும். கீழே விழுந்து உடைந்த பொம்மையை ஒரு மாலையில் ஒட்டிவிடலாம். நீர் குடித்து உள்ளிருந்து உதிரும் பொம்மையைத் திருத்துவது மிகக் கடினம். எனவே உள்ளும் புறமும் ஈரம் புகாமல் அடைப்பதையும், அசையும் உறுப்பு ஒவ்வொன்றையும் கழற்றி எடுக்கக்கூடியதாக அமைப்பதையும் முதல் நாளிலேயே திட்டமிடுங்கள். கீழே வரும் விடைகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

தலையை மரத்தில்தான் செதுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மரத்தலைக்கு நீண்ட பெருமை உண்டு என்பது உண்மை. அமெரிக்கக் கலைஞர் எட்கர் பெர்கனின் சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையின் தலை மரத்தில் செதுக்கப்பட்டது. அந்தப் பொம்மை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காப்பில் இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் போர்ட் மிட்செல் நகரில் 1973இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வென்ட் ஹேவன் அருங்காட்சியகம் முழுக்க முழுக்க இந்தக் கலைக்கே உரியது. அங்கே மரத்தலைகளோடு கடதாசிக்கூழ்த் தலைகளும் பாதுகாக்கப்படுகின்றன. கடதாசி நிலைக்காது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உளி பிடித்துப் பழகாதவர்கள் முதற்பொம்மையைக் கடதாசியில் செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. மரத்தில் அளவு தவறினால் கட்டையே வீணாகும். கடதாசியில் இன்னொரு படலம் ஒட்டினால் போதும்.

மரத்தில்தான் செய்வேன் என்றால் எந்த மரம் ஏற்றது?

இலேசாகவும், நார் நேராகவும், நன்றாகக் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். அம்பலாங்கொடைக் கைவினைஞர்கள் முகமூடிகளுக்குப் பயன்படுத்தும் கடுரு மரம் ஈரவலயத்தின் தாழ்நிலத்துக்கு உரியது. 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ருக்கட நூல்பொம்மலாட்டத்தின் பொம்மைகளும் அத்தகைய இலேசான மரத்தில்தான் உருவாகின்றன. மலையில் நமக்குக் கைக்கெட்டுவது அல்பீசியா. முன்பு தேயிலைப் பெட்டி செய்வதற்கென்றே வளர்க்கப்பட்ட மரம் இது. உளிக்கு இணங்கும், கனம் இல்லை. ஆனால் வண்டு விரும்பித் தின்னும். தோட்டங்களில் தழைக்கும் நிழலுக்கும் நட்ட முள்முருங்கையும் இலேசானதே. தஞ்சைப் பக்கத்துப் பொம்மலாட்டப் பொம்மைகள் இதன் இனத்தைச் சேர்ந்த கலியாண முருங்கையில் செதுக்கப்படுகின்றன. சவுக்கு என்று நாம் சொல்லும் கிரெவிலியா தலைக்குச் சற்றுக் கனம் என்றாலும், உடலுக்குள் கைவிட்டுத் தலையைத் தாங்கிப் பிடிக்கும் பிடித்தடிக்கும் பொம்மையின் கைகளுக்கும் நல்லது. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்தே தேயுங்கள். பைன் மரத்தின் பிசின் பெயின்டை ஊடுருவி மஞ்சளாகக் கசியும். பலாவைத் தூக்கி நிகழ்ச்சி முழுதும் பிடித்திருக்க முடியாது.

முழுக்கட்டையைச் செதுக்குவதைவிட ஓர் அங்குலப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்குவது நல்லது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழற்காய்ச்சல் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. முழுக்கட்டையின் நடு எப்போது காயும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஒட்டுவதற்கு முன் நடுப்பலகைகளின் உட்பகுதியை அறுத்தெடுத்துவிட்டால் குடைகின்ற வேலையும் குறையும். சுவர் 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருந்தால் போதும். வண்டுக்கு வெங்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்த கரைசலை நிறையப் பூசிக் காயவிடுங்கள். அது நீரில் கரைந்து போய்விடும் மருந்து என்பதால், மேலே வார்னிஷ் பூசினால்தான் நிலைக்கும்.

கடதாசித் தலையை எப்படிச் செய்வது?

முதலில் களிமண்ணில் முகத்தை உருவாக்குங்கள். மோவாயிலிருந்து உச்சி வரை 18 முதல் 20 சென்றிமீற்றர் இருந்தால் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் முகம் தெரியும். கண்குழியையும் மூக்கையும் உதட்டோரத்தையும் இயல்பைவிடச் சற்று மிகைப்படுத்துங்கள். கடதாசிப் படலம் கூர்மையைக் குறைக்கும், மேடை வெளிச்சம் மேலும் தட்டையாக்கும். காதுக்குப் பின்னால் பிரியும்படி பிளாஸ்டர் ஒவ் பாரிஸில் முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகள் எடுத்து, நன்றாக உலரவிட்டு, உட்புறத்தில் வாசிலின் மெல்லத் தடவி, அதற்குள் கடதாசியை அழுத்தி ஒட்ட வேண்டும்.

கடதாசிக்கு நான் பரிந்துரைப்பது வெறும் சீமெந்துப் பை. அதன் பழுப்புக் கடதாசியின் நார் நீளமானது. தூசைத் துடைத்து, சற்று நனைத்துக் கசக்கினால் துணிபோல் வளையும். முதற்படலம் செய்தித்தாள், அடுத்தது சீமெந்துப் பை, மீண்டும் செய்தித்தாள் என மாற்றி மாற்றி ஒட்டினால், எந்த இடத்தில் படலம் விட்டுப்போனது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தின் நார்கள் ஒன்றோடொன்று கலந்து தழும்பு தெரியாமல் அமரும். எட்டு முதல் பத்துப் படலங்கள் தேவை. காதடி, தாடை, கழுத்தோரம் ஆகிய இடங்களில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே நாளில் இரண்டு படலங்களுக்கு மேல் ஒட்டாதீர்கள். மேற்படலம் காய்ந்து உள்ளே ஈரம் அடைபட்டால், சில மாதங்களில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் வெளிப்படும். காய்ந்துவிட்டதா என்று அறிய அந்தப் பாதியின் உட்புறத்தை உங்கள் கன்னத்தில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக உணர்ந்தால் நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அறையின் வெப்பத்திலேயே இருந்தால் அடுத்த படலத்துக்குப் போகலாம். அடுப்படிப் பரணில் வைத்துக் காயவிடலாம், ஆனால் நெருப்புக்கு நேர்மேலே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் முகம் கோணிப்போகும்.

இரண்டு பாதிகளையும் சேர்க்குமுன், தாடை அச்சு (தாடை சுழலும் குறுக்குக் கம்பி) செல்லும் இரு பக்கங்களிலும் மரத்துண்டுகளை ஒட்டிவிட வேண்டும். கடதாசியில் நேரடியாகத் துளையிட்டு அச்சைச் செருகினால் துளை நாளடைவில் பெருத்து வாய் ஆடத் தொடங்கும். பின்மண்டையில் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு வெட்டி, பித்தளைத் திருகாணியால் பொருத்துங்கள். முடியைத் தலையில் ஒட்டாமல் துணித் தொப்பியில் தைத்து, அழுத்துப் பொத்தானால் மாட்டினால் அந்தக் கதவு வெளியே தெரியாது.

எந்தப் பசை?

கோதுமை மாப்பசை மலிவு, ஆனால் இந்த ஈரத்துக்கு ஒவ்வாது. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பது புத்தகம் கட்டுவோரின் பழக்கம். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பொருளில் வேண்டாம். ஹாட்வெயாரில் பைண்டர் கம் என்று விற்கும் வெள்ளைப் பசையைச் சிறிது நீர் கலந்து பயன்படுத்துங்கள். அதுவும் நீர்பட்டால் மீண்டும் இளகும் தன்மையுடையது; எனவே வார்னிஷ் கட்டாயம். உலோகம் மரத்தோடு சேரும் இடங்களில் அரல்டைட் போன்ற இரட்டைப் பசை வேண்டும்.

பைபர் கிளாஸில் செய்தால் ஈரப் பிரச்சினையே இல்லை அல்லவா?

தலையைப் பொறுத்தவரை உண்மைதான். அது உப்பாது, உளுக்காது. ஆயினும் அதன் ரெசின் இறுகுவதற்கு வெப்பம் தேவை. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸாக உள்ள நுவரெலியாவில் இரவில் ஊற்றிய ரெசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடக்கூடும். வெயில் உள்ள நாளில் முற்பகலிலேயே வேலையைத் தொடங்குங்கள். இறுக்கும் திரவத்தை ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே சேர்க்க வேண்டும். அதை, இறுகலை விரைவாக்கும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தோடு நேரடியாக ஒருபோதும் கலக்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். இதன் ஆவி மூச்சுக்குக் கேடு என்பதால், குடும்பம் சமைத்து உறங்கும் லயத்து அறைக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வேலைப் பழக்கம் உள்ளவரிடம் அச்சைக் கொடுத்து ஊற்றி வாங்குவதே பாதுகாப்பு.

வாய் மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

இது மரத்தாடையில் வரும் தொல்லை. சார்ஈரப்பதன் 65 சதவீதமாக உள்ள காற்றில் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 12 சதவீத நீரோடு நிலைகொள்ளும். காற்று 80 சதவீதத்துக்கு ஏறினால் மரத்தின் நீர் 16 சதவீதமாகும். நாருக்குக் குறுக்கே, ஒவ்வொரு சதவீத நீருக்கும் மரம் ஏறத்தாழ கால் சதவீதம் விரியும். 50 மில்லிமீற்றர் அகலமுள்ள தாடை இப்படி அரை மில்லிமீற்றர் அகன்றுவிடும். மாசி மாதத்து வெயிலில் இழைத்து இழைத்து நூலிழை இடைவெளியோடு பொருத்திய வாய், ஆடி மாதத்தில் திறக்காமல் போவதன் காரணம் இதுதான்.

தீர்வு இரண்டு. மரத்தலையாயின் தாடையையும் அதே கட்டையிலிருந்து, நார் ஒரே திசையில் ஓடும்படி அறுத்தெடுங்கள். தலை விரியும்போது பிளவும் கூடவே விரியும். கடதாசித் தலைக்கு மரத்தாடை வைக்காமல் தாடையையும் கடதாசியிலேயே செய்யுங்கள். எப்படியாயினும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். பார்வையாளருக்கு அது வாயோரத்துக் கோடாகத்தான் தெரியும். தாடையின் பக்கச்சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதும் முக்கியம். கீழே அகன்று மேலே குறுகினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

தாடை அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக் கம்பி மிகப் பொருத்தம். 2 மில்லிமீற்றர் விட்டம், நேராக இருக்கும், வளையாது. அதைக் காதுக்கு நேராக, தாடையின் பின்கோடியில் வைத்தால் வாய் கீழ்நோக்கி இயல்பாகத் திறக்கும். முன்னால் தள்ளி வைத்தால் உதடு உள்ளே மடங்குவதுபோல் தோன்றும். உதட்டில் 12 முதல் 15 மில்லிமீற்றர் வரை திறந்தால் போதும்.

வாயை இயக்க நூலா, கம்பியா?

சைக்கிள் பிரேக் கேபிள்தான் என் தேர்வு. உறையோடு சேர்த்துப் பொருத்தினால் எந்த வளைவிலும் உராயாமல் இழுக்கும், அறுந்தால் எந்த ஊரிலும் மாற்றுக் கிடைக்கும். தங்கூசி நூலும் உழைக்கும், ஆனால் முடிச்சு வழுக்கும். முடிச்சின் மேல் ஒரு துளி அரல்டைட் வைக்க வேண்டும். சாதாரணப் பருத்தி நூல் ஈரத்தில் நீளம் மாறும்.

சுருள்வில் வாயை மூட வேண்டும், கேபிள் திறக்க வேண்டும். இதை மாற்றி அமைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கேபிள் அறுந்தவுடன் பொம்மை வாயைப் பிளந்தபடி மேடையில் இருக்கும். சொன்னபடி அமைத்தால் வாய் மூடியே இருக்கும், நிகழ்ச்சியைக் கௌரவமாக முடித்துக்கொள்ளலாம். இறப்பர் பட்டி வேண்டாம், ஓராண்டில் உளுத்துவிடும். துருப்பிடிக்காத இழுவைச் சுருள்வில்லை வாங்கி, பெருவிரல் களைக்காத அளவு மென்மையானதைத் தெரிவுசெய்யுங்கள். தாடை வந்து முட்டும் இடத்தில் மேலும் கீழும் ஒரு தோல்துண்டை ஒட்டினால் ‘டக் டக்’ என்ற ஓசை ஒலிவாங்கியில் விழாது.

கண்களும் அசைய வேண்டுமா?

முதற்பொம்மைக்கு வாய் மட்டும் போதும். நல்ல தலையசைவு இருந்தால் நிலைத்த கண்ணும் பார்ப்பதுபோல் தோன்றும். அசைத்தே ஆக வேண்டுமெனில், இரண்டு கண்ணுருண்டைகளையும் செங்குத்துக் கம்பிகளில் நிறுத்தி, பின்புறத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்தால் இரண்டும் ஒருசேரத் திரும்பும். மேசைப்பந்தாட்டப் பந்து 40 மில்லிமீற்றர் விட்டமுடையது, பெரிய கண்ணுக்குப் பொருந்தும். பழைய செலுலோயிட் பந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புப் பரணுக்கு அந்தத் தலையைக் கொண்டு போகாதீர்கள். கடைந்த மரமணிகள் இன்னும் நல்லவை.

கழுத்தும் பிடித்தடியும் எப்படி அமைய வேண்டும்?

கழுத்தின் அடியை அரைக்கோளமாக்கி, தோள்பலகையின் வட்டத் துளையில் அமரவைத்தால் தலை எல்லாப் பக்கமும் சாயும், திரும்பும். தூக்கினால் முழுதாகக் கழன்று வரும். துளையின் விளிம்புக்குத் தோல் சுற்றுங்கள். தடி 22 முதல் 25 மில்லிமீற்றர் விட்டம் இருந்தால் கைக்கு அடங்கும்; தும்புத்தடியின் பிடியே போதும். அதன் மேல்நுனி மண்டைக்குள் உச்சி வரை சென்று ஒரு பலகையில் பதிய வேண்டும். கழுத்தில் மட்டும் ஒட்டிய தடி சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும். வாயின் கேபிளை இழுக்கப் பெருவிரலால் அழுத்தும் நெம்புகோலின் இடத்தை அளவுகோலால் தீர்மானிக்காதீர்கள். தடியைப் பிடித்து, பெருவிரல் தானாகப் படியும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

உடலுக்கு என்ன பொருள்?

பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தேயிலை பெரும்பாலும் கடதாசிச் சாக்குகளில் போகிறது. ஆனாலும் பல வீடுகளில் துணிமணி வைக்கும் பெட்டியாக அது இன்னும் இருக்கிறது. தோளுக்கும் இடுப்புக்கும் இரண்டு பலகைகள், அவற்றை இணைக்கும் பக்கச்சட்டங்கள், சுற்றிலும் துணி, முதுகு திறந்திருக்கட்டும். பொம்மையின் மொத்த எடை 3 கிலோகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைகால்கள் துணிக்குழாய்களாக இருக்கலாம். உள்ளே பொலியெஸ்டர் பஞ்சை அடைக்கலாம். மெத்தைக்கடைப் பஞ்சுரப்பர் ஈரத்தில் நாளடைவில் பொடியாக உதிரும், பருத்திப் பஞ்சு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உடைகள் கழற்றித் துவைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் சட்டை பொருந்தும்.

பெயின்ட் பற்றிச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு முன் அரத்தாளால் தேய்த்து, உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் வார்னிஷ் பூசுங்கள். உட்புறத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. முகத்துக்குப் பளபளப்பில்லாத அக்ரிலிக் நிறமே நல்லது, எனாமல் மேடை வெளிச்சத்தில் கண்ணாடியாக மின்னி முகபாவத்தை அழித்துவிடும். கண்மணிக்கு மட்டும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வையுங்கள்.

தோல்நிறம் என்று குப்பியில் விற்கும் இளஞ்சிவப்பை வாங்காமல், காவி, மஞ்சள், சிறிது நீலம், வெள்ளை ஆகியவற்றைக் கலந்து நம் பிள்ளைகளின் மாநிறத்தையும் கருநிறத்தையும் உருவாக்குங்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவின் பிள்ளை முன்வரிசையில் அமர்ந்து பார்க்கும்போது, மேடையில் பேசுகிறவன் தன் ஊரைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது நல்லது?

மேற்குச் சரிவுகளான அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே தை, மாசி மாதங்கள் ஏற்றவை. ஊவாப் பக்கம், பதுளை பண்டாரவளையில், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை உலர்ந்த காற்று வீசும்.

பொம்மையை எப்படிப் பேணுவது?

தகரப் பெட்டிக்குள் இரவில் நீர் வியர்க்கும்; காற்றுத்துளை உள்ள மரப்பெட்டி நல்லது. தலையைப் பருத்தித் துணியில் சுற்றி, உடலிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். பொலித்தீன் உறைக்குள் வைத்து இறுகக் கட்டாதீர்கள். பூச்சி உருண்டை சில வகைப் பிளாஸ்டிக்கை இளகச் செய்யும் என்பதால் கண்ணுருண்டைக்கு அருகில் வேண்டாம். மழை தொடரும் நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, பின்கதவைத் திறந்து, நிழலில் காற்றாட விடுங்கள். கடும் வெயிலில் வைத்தால் பெயின்ட் வெடிக்கும்.

நிகழ்ச்சிக்குப் போகும்போது எவற்றை உடன் கொண்டுபோக வேண்டும்?

பின்கதவுத் திருகாணிக்குப் பொருந்தும் திருப்புளி, அளவாக வெட்டி நுனி கட்டிய ஒரு பிரேக் கேபிள், மாற்றுச் சுருள்வில் ஒன்று, சிறிய குறடு, முகநிறத்தில் கலந்து வைத்த பெயின்ட் சிறிது, ஒரு தூரிகை. பஸ்ஸில் போவதானால் தலை இருக்கும் பையை மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்; பிடித்தடியில் அடிபட்டால் மண்டைக்குள் இருக்கும் பலகைதான் முதலில் பெயரும்.